குணவதியின் ஃபியட்

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தாறு. கதைகளில் இது தலைகீழாக இருக்கும். கார் விஷயத்தில் இப்படித்தான் அமைந்தது.

குருவின் பெயர் ஜெசிந்தா. பொள்ளாச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டு, பழைய கார்களுக்கு உயிர் கொடுப்பதில் இறங்கிவிட்டார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் இனிக்கப் பேசமாட்டார்.

சீடரின் பெயர் சென்னியப்பன். உடுமலையில் ஒரு நூல் மில்லை ஆண்டு ஓய்ந்தவர். மேனேஜராக இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு அந்தச் சொல் பத்தாது. ஆறடி உயரம், வளையாத முதுகு, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நாக்கு.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, தன் ஷெட்டில் ஒரு பழைய ஃபியட் கிடப்பதாகவும் அதைச் சரிசெய்யக் கற்றுத்தர வேண்டும் என்றும் கேட்டார்.

"ஆள விட்டுச் செஞ்சா சீக்கிரம் முடியுமுங்களே சார்," என்றார் ஜெசிந்தா.

"முடியுமுங்க. ஆனா அது நாஞ் செஞ்சதா ஆகாது. என் கையாலயே செய்யோணும்."

அப்படி என்ன அவசியம் என்று ஜெசிந்தா கேட்டார். சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தக் கார் அவருடைய மாமனாருடையது. மகள் குணவதியைச் சென்னியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தபோது மாமனார் அதையும் மகளோடு அனுப்பி வைத்தார். சீர் என்று பேருக்குத்தான். உண்மையில் அது அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்த ஒரு சங்கதி. பல்லடத்தில் தோட்டத்துப் பாதையில் பக்கத்தில் உட்கார்ந்து அவரே மகளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார்.

புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் குணவதி கடைவீதிக்கு ஓட்டிப் போய்த் திரும்பும்போது, காரின் இடது பக்கம் கேட் தூணில் உரசிவிட்டது. சென்னியப்பன் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டவில்லை என்பதை வெகுகாலம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் பல்லடத்திலிருந்து போன் வந்தது. அப்பா மயங்கி விழுந்துவிட்டார். கார் வாசலில் நின்றது. சாவி மில்லில் இருந்தது. குணவதி மில்லுக்குப் போன் போட்டு, யாரிடமாவது சாவியைக் கொடுத்தனுப்பச் சொன்னாள். இந்தப் பதற்றத்தில் நீ ஓட்ட வேண்டாம், நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றார் சென்னியப்பன். அன்றைக்குப் பார்த்து முதலாளி வந்திருந்தார். இதோ கிளம்பிவிடலாம், இதோ கிளம்பிவிடலாம் என்று பொழுது சாய்ந்துவிட்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாமனாரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மதியம் வரைக்கும் நினைவு இருந்தது, குணா வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்றார்கள்.

குணவதி சண்டை போடவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். அந்தக் காரில் பிறகு அவள் கால் வைக்கவே இல்லை. சென்னியப்பன் அதை ஷெட்டில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"இப்ப ரிட்டயராகி வீட்ல உக்காந்திருக்கறன். அவ மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கறன். நேரத்துக்குச் சோறு போடறா, மாத்திரை எடுத்துக் குடுக்கறா. ஒரு கொறையும் சொல்ல முடியாது. அதுதானுங்க டீச்சர் என்னால தாங்க முடியல."

காரைச் சரிசெய்து சாவியை அவள் கையில் கொடுக்கவேண்டும், காம்பவுண்டுக்குள் ஒரு சுற்று அவள் ஓட்டவேண்டும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றார். அப்புறம், கேட்கத்தான் வந்தவர் போல, அதையும் கேட்டார்.

"கெட்டுப்போனதப் பழையபடி ஆக்க முடியுங்களா?"

"சனிக்கிழமை வர்றனுங்க," என்றார் ஜெசிந்தா.

சனிக்கிழமை வந்தவர், ஷெட்டுக்குள் நுழைந்ததும் காரின் இடது பக்க மட்கார்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மொத்தென்று விழுந்தது. கேட் தூணில் உரசிய இடம். நசுங்கலை நிமிர்த்தாமல் அதன் மேலேயே பட்டி பூசி, தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"நாந்தான் பூசச் சொன்னன்," என்றார் சென்னியப்பன்.

ஜெசிந்தா உளியை அவர் கையில் கொடுத்தார். பட்டி முழுக்க உதிர்ந்தபோது, உள்ளே நசுங்கல் அப்படியே இருந்தது. துருவும் கூடவே வளர்ந்திருந்தது. துருவைத் தேய்த்து எடுத்தபின், சென்னியப்பன் உள்பக்கமிருந்து சுத்தியலால் தட்டத் தொடங்கினார். மில்லில் ஆயிரம் பேரை மிரட்டிய கை, சுத்தியல் பிடிக்கத் தெரியாமல் நாலு இடத்தில் தோல் உரிந்தது. நிறுத்தவில்லை. மத்தியானத்துக்குள் பள்ளம் நிமிர்ந்து, தகரம் இப்போது வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டது. விரலால் அமுக்கினால் டொப்பென்று உள்ளே போகும். எடுத்தால் டொப்பென்று வெளியே வரும்.

"இன்னும் எப்பிடி அடிக்கோணுமுங்க?"

"அடிக்காதீங்க. அடி வாங்குன தகரம் வளந்துருமுங்க. அடிக்க அடிக்க இன்னும் வளரும்."

"பின்ன என்னதான் பண்றது?"

ஜெசிந்தா கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். புடைப்பின் நடுவில் காசளவுக்கு ஓர் இடத்தைச் சிவக்கச் சுட்டு, ஈரத்துணியை வைத்து ஒற்றி எடுத்தார். ஆவி எழுந்தது. தகரம் கொஞ்சம் சுருங்கியது. டார்ச்சை அவரிடம் நீட்டினார். சுடுவதும் ஒற்றுவதுமாக நாலைந்து சனிக்கிழமை போயிற்று. கடைசியில் மட்கார்டு ஒரே வளைவாக, தூணே பார்க்காத மட்கார்டாக ஆகிவிட்டது.

சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா, பழையபடி ஆகிவிட்டது என்றார். ஜெசிந்தா அவர் கையைப் பிடித்து மட்கார்டின் உள்பக்கம் வைத்தார். உள்ளே முழுக்கச் சுத்தியல் பட்ட குழிகள், சுட்ட தழும்புகள்.

"வெளிய தெரியாதுங்கல்ல?" என்றார் சென்னியப்பன்.

"பெயிண்ட் வெளியதானுங்களே அடிக்கறோம்."

அந்தப் பதிலில் ஏதோ இருப்பதாக அவருக்குப் பட்டது. ஆனால் வேலை மும்முரத்தில் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஷெட்டே கதி என்று கிடந்தார். எஞ்சினை இறக்கினார், ஏற்றினார். வயர்கள் அத்தனையும் மாற்றினார். பழையபடி ஆக்க வந்தவருக்கு, போகப்போகப் பழையதைவிட நன்றாக ஆக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. வெயில் தாங்கமாட்டாள் என்று ஏசி வைத்தார். கை வலிக்கக்கூடாது என்று பவர் ஸ்டியரிங் வைத்தார். பிரேக்கை மிதிக்கச் சிரமப்படக்கூடாது என்று அதையும் புதுசாக்கினார். செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். அதில் சந்தேகம் சொல்ல முடியாது.

ஒவ்வொன்றுக்கும் ஜெசிந்தாவிடம் அபிப்பிராயம் கேட்பார். குணாவுக்கு என்ன கலர் பிடிக்குமுங்க, பொம்பளைங்களுக்கு எந்த மாதிரி ஸ்டியரிங் தோதுப்படுமுங்க, நீங்க சொன்னாச் செரியா இருக்கும் என்பார். ஜெசிந்தா உப்புத்தாளையோ ஸ்பானரையோ எடுத்துக் கொடுப்பார். சென்னியப்பன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தானே முடிவு செய்வார். க்ரீம் கலர் என்று முடிவானது அப்படித்தான். தேய்க்கும்போது அடியில் மாமனார் காலத்துப் பச்சை தெரிந்தது. அது கொஞ்சம் அடர்த்தி, வயசான காலத்தில் கண்ணை உறுத்தும் என்று அதன்மேல் ப்ரைமர் அடித்தார்.

இந்த நேரமெல்லாம் குணவதி எங்கே இருந்தாள் என்றால், ஷெட் வாசலில் இருந்தாள்.

அவள் அவர் தோள் உயரம்கூட வரமாட்டாள். சனிக்கிழமைதோறும் இரண்டு டம்ளர் டீ கொண்டு வருவாள். ஜெசிந்தாவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. வைத்துவிட்டு உடனே போகமாட்டாள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். முதலில் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. எஞ்சின் முதன்முறை இருமிக்கொண்டு ஓடிய அன்றைக்கு என்னவோ வந்தது. அதைப் பார்த்துத்தான் சென்னியப்பன் ராப்பகலாக வேலை செய்தார்.

ஒருமுறை உள்ளே வரலாமா என்று கேட்டாள். பெயிண்ட் தின்னர் நாத்தம் உனக்கு ஆகாது, இளைப்பு வந்துரும், எல்லாம் முடிஞ்சதும் நானே கூப்பிடுகிறேன் என்றார். இன்னொரு நாள், மேஜைமேல் கழற்றி வைத்திருந்த ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்த பிடியைப் பார்த்தால் ஓட்டத் தெரிந்தவள் என்பது தெரியும். சென்னியப்பன் பதறி வந்து, சேலையெல்லாம் கிரீஸ் ஆகிவிடும் என்று அதைப் பிரியமாக வாங்கி அந்தப் பக்கம் வைத்தார். குணவதி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெசிந்தா அப்போது காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை.

கடைசியாக சீட். பழைய நீள சீட்டின் பஞ்சை எலி தின்றிருந்தது. அதை எடுத்துவிட்டு, தனித்தனியாக இரண்டு சீட் வைப்பது என்று முடிவு செய்திருந்தார். சீட்டை முன்னே பின்னே தள்ளுவதற்கான தண்டவாளமும் துருப்பிடித்துப் போயிருந்தது. புதிதாக அடித்து வைக்கலாமா வேண்டாமா என்று ஜெசிந்தாவைக் கேட்டார். வழக்கம்போல யோசித்து அவரே சொன்னார்.

"பல பேரு மாத்தி மாத்தி ஓட்டற வண்டிக்குத்தான் அது வேணும். இதுல ஒருத்தருதான. ஒரே அளவா போல்ட்டுப் போட்டு இறுக்கிட்டா ஆடாது."

குஷன் கடைக்காரர் வந்திருந்தார். ஓட்டுகிறவர் உட்கார்ந்து காட்டினால் அளவு குறித்துக்கொள்வேன் என்றார். சென்னியப்பன் சட்டென்று ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டி கிளட்சை மிதித்தார். முட்டி வலிக்கிறது, இன்னும் கொஞ்சம் பின்னால் என்றார். இன்னும் கொஞ்சம். சீட் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவர் கண்ணை மூடி, அப்பாடா என்று சாய்ந்தார். இதுதான் அளவு என்றார்.

ஜெசிந்தா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போல்ட் டப்பாவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

வேலை முடிந்த நாளில் கார் வாசலுக்கு வந்தது. மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் அவர் கையாலேயே. குணவதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அவர் கட்டச் சொல்லவில்லை, அவளாகவே கட்டியிருந்தாள். அதைக் கண்டதும் சென்னியப்பன் காரின் மாலையை இன்னொரு தரம் நேராக்கினார். ஜெசிந்தா கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்.

வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்து நீட்டினார். "இது உன்ற சாவி," என்றார். அதற்குமேல் என்னென்னவோ பேச மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

குணவதி சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எடுப்பாளோ மாட்டாளோ என்று அவர் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். எடுத்துக்கொண்டாள். கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, பழகியவள் போலவே உள்ளே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்தாள்.

சென்னியப்பன் கதவோரம் பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் போல நின்றார்.

குணவதியின் இடது கால் கிளட்சைத் தேடிப் போனது. எட்டவில்லை. நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். விரல் பட்டது, பாதம் படவில்லை. இன்னும் நகர்ந்தால் சீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது, ஸ்டியரிங்குக்கு மேலே தெருவும் தெரியாது. கையைச் சீட்டுக்கு அடியில் விட்டு, முன்னால் இழுக்கிற லீவரைத் தேடினாள். வெறும் போல்ட் தலைதான் கையில் பட்டது.

சென்னியப்பன் தன் கையாலேயே இறுக்கிய போல்ட்.

"அந்தக் காலத்துலயும் எனக்கு எட்டாதுங்க," என்றாள் குணவதி. கோபமாகச் சொல்லவில்லை. "முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சுக்குவன். அப்பா தெச்சுக் குடுத்தது. நீங்க பாத்ததில்ல, பக்கத்துல உக்காந்து வந்ததில்லீங்களே."

இன்னும் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"நல்லாப் பண்ணியிருக்கறீங்க," என்றாள். "உங்களுக்கு நல்லாப் பொருந்தும்."

சாவியைத் தட்டிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கடைசி வார்த்தை அவரைச் சுருக்கென்று தைத்தது. வலித்தால் வேறு யார்மேலாவது பாய்வது மில் காலத்துப் பழக்கம். வேப்பமரத்தடிக்குப் போனார்.

"அளவெடுக்கறப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தனுங்க."

"நான் ஏறி உக்காந்ததப் பாத்தீங்கல்ல? ஓட்டறது அவதான்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? எல்லாஞ் செரியாப் போயிருக்குமே."

"சொல்லியிருந்தா சீட்டு செரியாப் போயிருக்குமுங்க," என்றார் ஜெசிந்தா.

சென்னியப்பன் திரும்பிக் காரைப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. இறங்கியபின் ஒன்றும் மிச்சமில்லாமல், ஆறடி உடம்பு சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. வாசலில் கார் பளபளவென்று நின்றது. எலுமிச்சம்பழம் நசுங்காமல் சக்கரத்தின் கீழே இருந்தது. உள்ளே குணவதி பட்டுச்சேலையை மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போவது ஜன்னலில் தெரிந்தது.

அவர் சட்டென்று பரபரத்தார். போல்ட்டைக் கழற்றிவிடலாம், தண்டவாளம் புதுசாக அடித்துவிடலாம், அடுத்த வாரமே முடித்துவிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கையை விரித்து அளவு காட்டினார்.

"ஒரு சாண் முன்னால தள்ளுனாப் போதுங்களா? இல்ல, கூட வேணுமா? பச்சைக் கலரையே திரும்ப அடிச்சிரலாமுங்களா?"

ஜெசிந்தா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சர். இதெல்லாஞ் செஞ்சா அவ மறுபடியும் வந்து உக்காருவாளா?"

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டே, ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அத எங்கிட்ட ஏனுங்க சார் கேக்கறீங்க?"